மிளகு மூட்டையில் வந்த விருந்தாளி

“…பாவுல பல்லு வச்சுதுன்னு வையி, அப்புறம் அது இருக்குதா நான் இருக்குறனான்னு பாத்துருவோம் பாய்” என்று துடைப்பத்தோடு வந்து நின்ற கன்னியம்மாள், இன்று ரசத்துக்கு மிளகு தட்டும்போது நினைவுக்கு வந்தாள்.

மிளகு வாசனை என்னை நேராகக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய்விடும். அறுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு பாயின் மளிகை மண்டியில் மூட்டை பிரித்து எடைபோட்டேன். மிளகு நெடிக்குத் தும்மாதவன் என்பதே என் ஒரே தகுதி.

ஒருநாள் சாயங்காலம், போடிப் பக்கத்து மலையிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று என் கைமேல் ஏறித் தாவியது. செம்பழுப்பு நிறம், முதுகு மயிருக்குள் தட்டை தட்டையாக முட்கள். வாலின் நுனி பாட்டில் கழுவும் பிரஷ் போலப் புசுபுசுவென்று வெளுத்திருந்தது. நான் போட்ட கூச்சலைப் பாய் வெகுகாலம் நடித்துக் காட்டினார். அது ஓட்டு இடுக்கு வழியாகப் பக்கத்துத் தறிவீட்டுக்குள் போய்விட்டது.

அங்கேதான் கன்னியம்மாளும் அவள் புருஷனும் முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றிய கஞ்சி போட்ட பாவு எலிக்கு விருந்து. இழைகள் அறுந்தால் கூலி போகும். முதலாளி அடுத்த பாவும் தரமாட்டார். அவள் கோபம் நியாயம்தானே?

மூட்டை கொண்டுவந்த லாரி டிரைவர்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னார்: “அது மரப்பொந்து எலிம்மா. பழம் திங்கும், மிளகு திங்கும். பகலெல்லாம் தூங்கும்.”

“உன் மலைக்கதைய உன் மலையில வச்சிக்கபா.”

மறுநாள் காலை அவளே என்னைக் கூப்பிட்டாள். கழிவுப் பட்டு போட்ட மூங்கில் கூடைக்குள், வாலை மூஞ்சிமேல் போர்த்திக்கொண்டு அது உறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் தொங்கிய வாழைப்பழத்தில் பாதியைக் காணோம். பாவை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்திருந்தாள். “ஒரு இழை போவலபா” என்றாள், நம்பாதவள் போல.

“டின்னுல போட்டுக் குடும்மா, திரும்பப் போறப்போ மலையிலயே விட்டுடறேன்” என்றார் டிரைவர்.

“டின்னு வெயில்ல கொதிக்காது? நல்ல ஆளுய்யா நீ.”

மண்டி இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. தறிவீடும் மாடிவீடாகிவிட்டது. ஒரு எலியை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற லாரிக்காரரை இப்போது எங்கே தேடுவது? ஆனால் அந்த எலிகள் மலைப்பொந்துகளில் இன்னும் இருக்கின்றனவாம். பேரன் சொன்னபோது மனசு நிறைந்தது.

அன்று மதியம் கன்னியம்மாள் கூடையைப் பட்டோடு தூக்கிவந்தாள். தானே லாரியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிழல் பார்த்துக் கட்டினாள்.

“மேடு பள்ளம் பாத்து ஓட்டுபா. தூங்கிக்கினு இருக்குது.”

லாரி கிளம்பியதும் கூடவே தெருமுனை வரைக்கும் நடந்து போனாள்.