பீற்றர்பறோவுக்குத் திரும்பிய விமானம்

மில்லிக்கன் என்ற ஊரில் மக்டலீனைத் தெரிந்த எல்லோருக்கும் அவர் பாடசாலை பஸ் ஓட்டுபவர். வயது ஐம்பத்துமூன்று. காலை ஆறே முக்காலுக்கு, பஸ்கள் நிறுத்தும் யார்டில் தன் பஸ்ஸைச் சுற்றி நடந்து, சில்லுகளைத் தட்டிப் பார்த்து, பின்கதவு திறக்கிறதா என்று சோதித்த பிறகுதான் ஏறுவார். பனி கொட்டி வீதி மறையும் நாட்களில் ஓரமாக நிறுத்திவிடுவார். பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், அடுத்த பனியிலும் நிறுத்துவார்.

அவரிடம் சிறு விமானம் ஓட்டும் லைசன்ஸ் இருப்பது சிலருக்குத்தான் தெரியும். ஏழு வருடங்களுக்கு முன்பு கணவர் றொனால்ட் இளைய மகனின் பிறந்தநாளுக்கு அரை மணிநேர அறிமுகப் பறப்பு ஒன்றைப் பதிந்திருந்தார். மகனுக்கு அன்று கடும் காய்ச்சல். பதிந்த திகதியை மாற்ற முடியாது என்று விமானப் பயிற்சி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். வீணாகப் போகக்கூடாதே என்று மக்டலீன் போனார். மறுவாரமே பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். எழுத்துப் பரீட்சையில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறி, நாலாவது கோடையில் லைசன்ஸ் கிடைத்தது.

அதன் பிறகு, காலநிலை நல்லதாக இருக்கும் சனிக்கிழமைகளில் ஒஷாவா விமான நிலையத்தில் விமானம் வாடகைக்கு எடுத்துப் பறப்பார். போன வருடம் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அஸ்மியாவையும் கூட்டிப்போனார். அஸ்மியா அதே யார்டில் பஸ் ஓட்டுபவர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவர். பத்து வயது இளையவர் என்பதால் மக்டலீனை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பீற்றர்பறோ விமான நிலையத்தில் இறங்கி முட்டையும் பாணும் சாப்பிட்டார்கள். திரும்புமுன் மக்டலீன் காலநிலை அறிக்கையை மறுபடி பார்த்தார். வானம் தெளிவு, காற்று மட்டும் ஒஷாவாவுக்குத் தெற்கே கிடக்கும் பெரிய ஏரிப் பக்கமிருந்து வீசத் தொடங்கியிருந்தது. மே மாதத்து ஏரி இன்னும் குளிர்ந்துதான் கிடக்கும், அங்கேயிருந்து வரும் காற்று மேகத்தையும் தள்ளிக்கொண்டு வரக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். அரை மணிநேரப் பயணந்தானே என்று நினைத்தார். அந்த நினைப்புத்தான் தன் பிழை என்று பிறகு அவரே சொன்னார்.

ஒஷாவாவை நெருங்கும்போது ஓடுபாதைக்கு அப்பால், கரையோரமாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. ஓடுபாதை தெரிகிறதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த பெண் றேடியோவில் கேட்டார். தெரிகிறது என்றார் மக்டலீன். உண்மையும் அதுதான். இறங்கத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பட்டை எழும்பி வருவதுபோல வந்தது. வீடுகளும் நெடுஞ்சாலையும் மங்கின. பிறகு கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

விமானம் வலப்பக்கம் சரிகிறது என்று அவருடைய உடம்பு சொன்னது. முன்னாலிருந்த கருவி, இறக்கைகள் நேராகத்தான் இருக்கின்றன என்று காட்டியது. பஸ்ஸில் கண்ணையும் கையையும் நம்பியே இத்தனை வருடம் ஓட்டியவர். இங்கே உடம்பை நம்பினால் சில வினாடிகளில் விமானம் சுழன்று விழுந்துவிடும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஓரமாக நிறுத்தவும் வழியில்லை. அவர் கருவியை நம்பினார். எஞ்சினுக்கு முழு வேகமும் கொடுத்து, மூக்கை மெல்ல உயர்த்தினார். அஸ்மியா இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது பக்கப்பார்வையில் தெரிந்தது.

“அஸ்மியா, காலமை உமக்குக் காட்டின அந்த உயர முள்ளைப் பாரும். இலக்கத்தை வாசிச்சுக்கொண்டே இரும். குறைஞ்சால் உடனை சொல்லும்.”

“ஆயிரத்து இருநூறு அடி,” என்றார் அஸ்மியா. “ஆயிரத்து முந்நூறு. கூடுது அக்கா.”

வந்த வழியே திரும்பினால் மேகமில்லாத வானம் இருக்கிறது. அவசரப்பட்டுத் திருப்பக்கூடாது. ஒரு நிமிடம் எடுத்து, சிறிய சரிவில், அரைவட்டமாகத் திரும்பவேண்டும். தான் மேகத்துக்குள் இருப்பதையும் உயர்ந்தபடி திரும்புவதையும் மக்டலீன் கோபுரத்துக்கு அறிவித்தார். அந்தப் பெண் அமைதியான குரலில், அந்தப் பக்கம் வேறு விமானம் இல்லை, ஆறுதலாகத் திரும்புங்கள் என்றார். அந்த ஒரு நிமிடத்தில் மக்டலீன் பிள்ளைகளை நினைக்கவில்லை, செபிக்கவுமில்லை. இறக்கைகளின் சரிவைக் காட்டும் கருவியையும் திசைகாட்டும் கருவியையும் மாறி மாறிப் பார்த்ததும், பக்கத்தில் அஸ்மியாவின் குரலில் ஏறிக்கொண்டே போன இலக்கங்களும் மட்டுந்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

வெளிச்சம் திடீரென்று வந்தது. முன்னால் உழுத வயல்கள், ஒரு சிவப்புக் களஞ்சியம், தெளிவான வானம்.

“இரண்டாயிரத்து நூறு,” என்றார் அஸ்மியா. “இரண்டாயிரத்து நூறு. இரண்டாயிரத்து நூற்றைம்பது.”

“காணும் அஸ்மியா, இனி வாசிக்க வேண்டாம். வெளியாலை பாரும்.”

ஒஷாவாவை மேகம் மூடியிருந்ததால் பீற்றர்பறோவுக்கே திரும்பிப் போய் இறங்கி விமானத்தைக் கட்டிவிட்டு, இருவரும் புல்லில் இருந்தார்கள். தொலைபேசியில் செய்தி கேட்ட றொனால்ட், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒன்றரை மணிநேரம் காரோட்டி வந்தார். காரில் திரும்பும் வழியில் மக்டலீன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அஸ்மியா பின்இருக்கையில் தூங்கிப்போயிருந்தார்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் எட்வேட்டிடமும் அதையே சொன்னார். திரும்பியது சரி, பத்து நிமிடம் முந்தித் திரும்பியிருக்கவேண்டும் என்றார் எட்வேட். மக்டலீன் அந்தக் கோடை முழுவதும், வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியில் மறைப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகினார். ஆவணியில் தனியே பீற்றர்பறோ போனவர், காற்று ஏரிப் பக்கமிருந்து வீசத் தொடங்கியதும் கிளம்பாமல் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தார்.

புரட்டாதியில் பாடசாலை தொடங்கிய வாரம், இன்னொரு தடவை வருகிறீரா என்று யார்டில் வைத்து அஸ்மியாவிடம் கேட்டார்.

“இல்லை அக்கா,” என்றார் அஸ்மியா. “உங்களிலை எனக்குப் பயமில்லை. மேலை போகத்தான் மனம் வரேல்லை. றொனால்ட் அண்ணையோடை கார்லை வந்து பாக்கிறன்.”

மக்டலீன் வற்புறுத்தவில்லை. அந்தச் சனிக்கிழமை அஸ்மியா சொன்னபடியே வந்தார். விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மக்டலீனின் விமானம் இறங்கி நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.