தலையணை உறைக்குள் நீல நூல்

மாடிப்படிக்கு அடியிலிருந்த ஒற்றை அறையில் குடியிருந்ததால் அவளுக்கு ‘மாடிப்படி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சாய்ந்த கூரைக்குக் குனிந்து குனிந்து, எவ்வளவு உயரமான வாசலைக் கண்டாலும் அவள் தலை தானாகத் தாழ்ந்துவிடும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கணவன் லாரி டிரைவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, இரண்டு அறை கொண்ட ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். வங்கியும் கடன் தரச் சம்மதித்தது. ஆனால் முதல் பங்கைக் கையிலிருந்து போட வேண்டுமே! அங்கேதான் துண்டு விழுந்தது. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

மிச்சமிருந்த நம்பிக்கை, கூடத்துப் பெண்கள் மாதாமாதம் போடும் சீட்டு ஒன்றுதான்.

“இந்த மாசம் எனக்கு வந்தா நீயே எடுத்துக்க, நான் அடுத்த தடவை பாத்துக்கறேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறியே” என்றாள் இஸ்திரிக்காரி.

“உன் பொண்ணு படிப்புக்குன்னு வெச்சிருக்கே. அதுல கை வெச்சா எனக்கு அந்த வீட்டுல தூக்கம் வருமாக்கா? வர்றது குலுக்கல்ல வரட்டும்.”

“முறை மாத்தற பேச்சே வேண்டாம்” என்று அதட்டினாள் சீட்டு நடத்தும் பெரியக்கா. பொக்கை வாய்க்குப் பல் செட் கட்ட அவளும் காத்திருந்தாள்.

அங்கே ஒவ்வொரு வார்டுத் துணிக்கும் ஒரு நிற நூல் அடையாளம். அதே வழக்கம் சீட்டுக்கும் உண்டு. இன்னும் எடுக்காதவர்கள் தங்கள் நிற நூலை மூடிய கையோடு ஒரு தலையணை உறைக்குள் போட்டார்கள். பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

நீலம். மாடிப்படியின் நிறம்!

அவள் அழுதாள், சிரித்தாள், பெரியக்காவைக் கட்டிக்கொண்டாள். பிறகு பழக்கம் விடாமல், அந்த உறையை இயந்திரத்தில் போடும் முன் உட்புறம் வெளியே வரப் புரட்டி உதறினாள்.

தரையில் நூல்கள் விழுந்தன. அத்தனையும் நீலம்.



“நான் ஒருத்திதான் திருட்டுத்தனமா மாத்திப் போட்டேன்னு நெனச்சேன்” என்று முணுமுணுத்தாள் இஸ்திரிக்காரி.

“அடிப்பாவி, நானும்தான்!” என்றாள் தையல்காரி. மெஷின்காரி உள்ளங்கையை விரித்தாள். அவளுடைய மஞ்சள் நூல் வியர்வையில் நனைந்து அங்கேயே இருந்தது.

எல்லார் கண்ணும் பெரியக்காவின் மேல் திரும்பியது.

“என்னை ஏன்டி மொறைக்கறீங்க? இத்தனை வருஷம் பல்லில்லாம தின்னவளுக்கு இன்னும் ஒரு மாசத்துல தொண்டை அடைச்சிடப் போகுதா?”

ஒருவர் நினைத்ததை மற்றவர் அறியாமல், எத்தனை மனங்கள் ஒரே நிறத்தைத் தேடிப் போயிருக்கின்றன! தெய்வமே இறங்கி வந்திருந்தாலும் அந்த ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றிருக்கும்.

“இது முறை இல்லக்கா, மறுபடி குலுக்குங்க” என்று விம்மினாள் மாடிப்படி.

“தாராளமா குலுக்கு. எத்தனை தடவை குலுக்கினாலும் நீலம்தான்டி வரும்.”

புது வீட்டில் நுழைந்த அன்றும் அவள் வாசலில் தலையைத் தாழ்த்தினாள். பின்னால் வந்த பெரியக்கா அவள் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

“நிமிருடி. இனிமே எதுவும் இடிக்காது.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். தலைக்கு மேலே எவ்வளவு இடம்! அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.