கண் திறந்தால் ஆப்சென்ட்

இருபத்தாறு வருஷம் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருந்தவள் அவள். செத்த தவளை மிதக்கும் ஜாடியைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். ஒரு நாளும் ஒரு கவளம்கூட தொண்டையில் நின்றதில்லை. மாணவர்கள் வைத்த பெயர் ஃபார்மலின் அக்கா. அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் அருவருப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழகத்தின் மன அமைதி மையம்.

பிராணிகளை அறுக்கும் வகுப்பை நிறுத்தியதும் ஆய்வகத்தைக் காலி செய்து, அதே அறையில் மையத்தைத் திறந்தார்கள். மேசைகள் போய் நாற்பது ரப்பர் பாய்கள் வந்தன. ஒரு நாளைக்கு மூன்று பேட்ச். ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் உட்கார வேண்டும். பாயைக் கழுவ ஆள் போடவில்லை. அதற்குப் பதிலாக மூலைக்கு மூலை வாசனை எண்ணெய் வைத்தார்கள். ஊறிப்போன சாக்ஸ், நாற்பது பேருடைய வியர்வை, அதன்மேல் செயற்கைப் பூ வாசனை. கதவைத் திறக்கும்போதே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும்.

மையத்தின் இயக்குநர் அதற்கு முன் பரீட்சையில் பிட் அடிப்பவர்களைப் பிடிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். குரலை மட்டும் தேனில் ஊறவைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். புத்தி அங்கேயே இருந்தது. முக்கால்வாசி நாளாவது அமைதி வகுப்புக்கு வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்றார். வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, கண் மூடியிருக்க வேண்டும் என்றார். அவர் முன்னால் உட்கார்ந்து "மூச்சைக் கவனிங்க, எதுக்கும் பயப்படாதீங்க" என்று இழுத்து இழுத்துப் பேசுவார். வரிசைகளுக்கு நடுவே அவள் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க, பதிவேட்டோடு நடக்க வேண்டும். மூடிய கண்ணுக்கு டிக், திறந்த கண்ணுக்கு ஆப்சென்ட்.

வீட்டில் சொன்னபோது புருஷன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "கண்ணை மூடினா அட்டெண்டன்ஸா? அப்போ நான் மத்தியானம் தூங்குறதுக்கு யூனிவர்சிட்டி எனக்கு டிகிரியே குடுக்கணும்." அவளுக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் அந்த அறைக்குள் நுழைந்ததும் போய்விட்டது.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, முழங்காலை இறுக்கிப் பிடித்த கைகள், அகல விரிந்த கண்கள். தொடர்ந்து பதினோரு நாள் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. பன்னிரண்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் அட்டெண்டர் அவளை நிறுத்தினாள்.

"ஏம்மா, பத்து நிமிஷம் சும்மா மூடிக்கிட்டா என்ன? இன்னும் ஒரு நாள் போனா ஹால் டிக்கெட் போயிடும். தெரியும்ல?"

"தெரியும்க்கா." பெண் தரையைப் பார்த்தாள். "எங்கப்பா பெயின்டர். போன வருஷம் சாரத்துல இருந்து விழுந்துட்டாரு. நான் அப்போ சாப்பாட்டை எடுத்துக்கிட்டு கீழே நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணை மூடி உக்காந்தா அவர் விழுந்துக்கிட்டே இருக்காரு. வேற எதுவும் வர்றதில்ல."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அந்தக் காட்சியை மேகம் மாதிரி வேடிக்கை பாரும்மா, தானாப் போயிடும்'னாரு."

அட்டெண்டருக்கு வாயெல்லாம் கசந்தது. அப்பன் விழுவதை வேடிக்கை பார்ப்பதா? நாக்கில் நரம்பில்லாதவன் எதையும் பேசுவான் என்று திட்டிக்கொண்டே பேனாவை எடுத்தாள். அன்றைக்கு டிக். மறுநாளும் டிக். பருவம் முடியும்வரை அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு ஆப்சென்ட்கூட விழவில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது. வெட்கம் வரவில்லை, நன்றாகத் தூக்கம்தான் வந்தது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. நாட்டிலேயே அமைதியான கல்வி வளாகம் எது என்று பார்த்துப் பரிசு கொடுக்க ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். பதினோரு ஆப்சென்ட், அப்புறம் வரிசையாக டிக். குதித்தே விட்டார்.

"பாத்தீங்களா அம்மா, என்ன ஒரு மாற்றம்! கண்ணே மூட முடியாத பொண்ணு! இவளை மேடையில உக்கார வைக்கணும். எல்லார் முன்னாடியும் மூடிக் காட்டட்டும்."

அவள் மாட்டிக்கொண்டாள். பொய் என்று சொன்னால் பெண்ணின் ஹால் டிக்கெட் கிழியும். சொல்லாவிட்டால் பெண் மேடையில் கிழிவாள். "வேற யாராவது..." என்று ஆரம்பித்தாள். அவர் அதற்குள் பேனருக்குப் போட்டோ கேட்டு போனைக் காதில் வைத்துவிட்டார்.

விழா பரீட்சைக்கு முந்தின நாள். முடியும்வரை ஒருவரும் நழுவக்கூடாது என்பதற்காகக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஹால் டிக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்து, அரங்கின் வாசலில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். முடிந்ததும் கொடுக்க வேண்டும். அமைதிக்கு ஆள் சேர்க்க இப்படி ஒரு தூண்டில். கட்டைக் கையில் வாங்கியபோதே அவளுக்குக் கை கூசியது.

மேடையில் ஆளுயரப் பேனர். அதன் கீழே நாற்காலி நுனியில் அந்தப் பெண். ஒரு பக்கம் இயக்குநர், மறுபக்கம் குழுவின் தலைவி. "இந்தக் குழந்தையோட சேர்ந்து நாம எல்லாருமே பத்து நிமிஷம் கண்ணை மூடுவோம்" என்றார் இயக்குநர். பக்கத்தில் தலைவி இருந்ததால் அன்றைக்கு அவரும் மூடிக்கொண்டார். அரங்கம் முழுக்கத் தலைகள் குனிந்தன. பெண்ணின் கண் மட்டும் திறந்திருந்தது. உதடு நடுங்கியது. இமை மூடப் பார்க்கும், மறுகணமே உதறிக்கொண்டு திறக்கும். நாற்காலி தரையில் தடதடவென்று ஆட ஆரம்பித்தது.

அட்டெண்டர் எழுந்தாள். கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டை உருவினாள். நடுவழியே போய், மேடை ஏறி, பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேரும் வந்த வழியே நடந்து வெளியே போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

"இந்தா. சீல் போட்டாச்சு, இனி இதை ஒருத்தரும் புடுங்க முடியாது. போய்ப் படி."

"உங்களுக்கு வேலை போயிடுமேக்கா."

"போகட்டும். என் வீட்டுக்காரர் தையல்ல எனக்கு ஒரு வாய் சோறு போடமாட்டாரா?"

பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். உள்ளே பத்து நிமிஷம் முடிந்தது. காலி நாற்காலியைப் பார்த்த இயக்குநர் ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா! ஆழ்ந்த அமைதி கிடைச்சதும் தனிமையைத் தேடிப் போயிட்டா!" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அரங்கம் கைதட்டியது. தலைவி ஏதோ குறித்துக்கொண்டாள். வாசலில் நின்ற அட்டெண்டருக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அவள் மனதில் ஒரு மூலையில் கர்வம் இருந்தது. இந்தச் சாக்கடையில் தான் ஒருத்தியாவது சுத்தம் என்று நினைத்தாள்.

டிக்கெட்டுக்காக வரிசை வந்தது. முதல் பையன் குனிந்து, "பார்த்தேன்க்கா" என்றான். அடுத்தவள் அவள் கையை ஒரு தடவை அழுத்தி, "நானும் பார்த்தேன். நல்லா பண்ணீங்க" என்றாள். நாலாவது ஆளும் அதையே சொன்னபோது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படிடா பார்த்தே? கண்ணை மூடலயா நீ?"

"நான் என்னைக்குக்கா மூடினேன்? ராத்திரி பூரா தூக்கம் வராம, நெஞ்சு அடைச்சுக்கிட்டு வந்து உக்காருவேன். கண்ணை மூடினா இன்னும் மோசம். உங்க சாவிக்கொத்துச் சத்தம் கிட்ட வரும்போது மட்டும் பயத்துல இறுக்கி மூடிக்குவேன். எங்க ரூம்ல நாலு பேருமே அப்படித்தான்."

அவன் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் வரிசையைப் பார்த்தாள். வாசலிலிருந்து மேடைவரை நின்றார்கள். ஒரு பருவம் முழுக்க, மூடிய கண்ணெல்லாம் அமைதி என்று நம்பி அவள் போட்ட டிக்குகள். அந்தக் கண்கள் அத்தனையும் அவளைப் பார்த்துப் பயந்து மூடியவை.

இத்தனை நாள் இயக்குநரைப் பார்த்துக் குமட்டிய வயிறு இப்போது தன்னையே நினைத்துக் குமட்டியது. அடுத்த பிள்ளை கை நீட்டி நின்றது. டிக்கெட்டைக் கொடுத்தாள். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை.