மாப்பிள்ளைக்குப் பச்சைக்கறி

எங்கள் தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவருக்கு ஊரார் வைத்த பெயர் பளிங்கு. அவர் கடைக்குள் ஈ நுழைந்தால்கூட வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் நுழையும் என்று சொல்வார்கள். அது பொய். ஈ நுழையவே நுழையாது. வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்து, நமக்கு இந்த இடம் சரிப்படாது என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஒரு தலைக்கு ஒரு துண்டு, ஒரு முகத்துக்கு ஒரு பிளேடு. ஒருவர் கழுத்தில் போர்த்திய துணி வெளுத்து வராமல் அடுத்தவர் கழுத்தைத் தொடாது. கத்தரிக்கோல்கள் கொதிநீரில் குளிக்கும். சீப்புகளுக்கென்று நீல விளக்கு எரிகிற கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் வைத்து மூடினால் கிருமி செத்துவிடுமாம். நாற்காலியில் உட்கார்ந்தவர் தும்மினால் தொலைந்தார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வரவேண்டும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு நாய். கன்றுக்குட்டி உயரம், கரடி மயிர், அரசனுடைய தோரணை. அதன் பெயர் மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று வாங்கி வந்தது. "வருது, சாப்பிடுது, தூங்குது, ஒரு வேலையும் செய்யறதில்ல. வேற என்ன பேர் வைக்க?" என்று விளக்கம் வேறு. நிஜ மாப்பிள்ளை முதன்முதலாக விருந்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தபோது, "மாப்பிள்ளை, இறங்கு கீழே! சோபா பூரா முடி கொட்டுது!" என்று உள்ளேயிருந்து மாமனார் குரல் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே முன்மண்டை காலியாகிக்கொண்டிருந்தது. தலையைத் தடவிக்கொண்டே எழுந்து நின்றான் பாவம்.

நாய் இரண்டு வருடம் வீட்டுச் சாப்பாட்டைத் தின்று கொழுகொழுவென்றுதான் இருந்தது. கெடுத்தது ஒரு வாடிக்கையாளர். கத்தி முடிவெட்டுகிறவர் கையில் இருக்கும்போது நாற்காலியில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உலக வழக்கம். அந்த மனிதர் கையில் போன் இருந்தது. அதில் ஒருத்தன் காட்டுக்குள் நின்றுகொண்டு, நாய் ஓநாயின் வம்சம், ஓநாய் அடுப்பு மூட்டுவதில்லை, ஆகையால் நாய்க்குப் பச்சைக்கறியே போடவேண்டும் என்று ஆவேசமாகப் பேசினான். பளிங்குக்கு ஞானம் பிறந்துவிட்டது. அந்தச் சாயங்காலமே ஒரு பை நிறையக் கோழிக்கறியோடு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணி தைத்துக் கொடுப்பவர். ஊசியைவிட வாய் கூர்மை.

"ஓநாய் அடுப்பு மூட்டாதுங்களா? சரி. ஓநாயோட பொண்டாட்டி பாத்திரமும் தேய்க்க மாட்டா. நானும் இன்னையோட நிறுத்திடறேன்."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது."

"உங்க ஓநாய் சோபாவுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஃபேன் போடச் சொல்லுதே, அது எந்தக் காட்டு விஞ்ஞானம்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் என்ன பேசுவது? மறுநாள் முதல் அந்தச் சமையலறை ஓநாய்க் குகையாயிற்று. கறிப்பை குளிர்பெட்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து, கீழ்த்தட்டுத் தக்காளிமேல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. உறைந்த கறி இளகட்டும் என்று மேடைமேல் கிடந்தது. ரொட்டி அறுக்கிற பலகையில் கோழி, கோழி அறுத்த கத்தியில் வெள்ளரிக்காய். நாய் பாதி தின்று வைத்த தட்டு சாப்பாட்டு மேசைக்கடியில் நாள் முழுக்கக் கிடக்கும். தின்று முடித்த வாயோடு மாப்பிள்ளை ஓடி வந்து எஜமானர் முகத்தை நக்கும். கடையில் ஒரு தும்மலுக்குக் கூத்தாடுகிற மனிதர், வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டுவார்.

கேட்டால் ஒரே பதில். "கழுவித்தானே போடறேன்?"

கழுவினார், நான் மறுக்கவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாடிக்கையாளர் தலைக்கு ஷாம்பு போடுகிற லாவகத்தோடு கோழியைப் புரட்டிப் புரட்டிக் கழுவுவார். இன்னும் கொஞ்சம் விட்டால் வகிடு எடுத்திருப்பார். அந்தத் தண்ணீர் எங்கெங்கே தெறிக்கிறது என்று மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் ஆசிரியை. பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவேண்டும். குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகிற பருவம். பகலில் அவளை யார் பார்த்துக்கொள்வது?

பளிங்கு இதற்காகவே காத்திருந்தவர். பேத்தி பிறந்த நாளிலிருந்து, "நான் காலையில கடைக்குப் போக மாட்டேன், மத்தியானம்தான் திறப்பேன், பாப்பா என்கிட்டதான் இருப்பா" என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டிருந்தார். சும்மா கிடந்த ஓர் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் தேய்த்துக் கழுவி, தரைக்கு மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்கிற ஒவ்வொரு தலையும் அந்த மெத்தையின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

"அப்பா, அம்மா சொன்னாங்க" என்றாள் மகள். "அந்தப் பச்சைக்கறி சமையலறையில இருக்கிற வரைக்கும் பாப்பாவை அங்க விட மாட்டேன். பக்கத்துல ஒரு காப்பகம் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன்."

"காப்பகமா? நான் உயிரோட இருக்கறப்பவா?"

"நீங்க உயிரோட இருக்கணும்னுதான் சொல்றேன்."

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்த வாரமே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வயிறு கலக்கிவிட்டது. வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். இருவரும் கதவுக்கு வெளியே நின்று ஒருவரையொருவர் ஏசிய சத்தம் அந்த வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கே மனப்பாடம். காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, டாக்டரிடம் போனார்கள்.

"வீட்ல யாராவது பச்சைக்கறி கையாளறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"நாய்க்குப் போடறோம். ஆனா நாய் ஜோரா இருக்கு டாக்டர்! அதுல கிருமி இருந்தா முதல்ல அதுக்குத்தானே வரணும்?"

"வராதுங்க. நாய் பஸ் மாதிரி. கிருமி ஏறி உட்கார்ந்து வந்து உங்க வீட்ல இறங்கிடும். பஸ்ஸுக்கு என்னைக்காவது வயித்த வலி வந்திருக்கா? வாயில இருக்கும், மயிர்ல இருக்கும், அது போற மலத்துல இருக்கும். பெரியவங்க நீங்க சமாளிச்சிட்டீங்க. கைக்குழந்தை தாங்காது."

வழியெல்லாம் பளிங்கு யோசித்தார். வீட்டு வாசலில் தீர்ப்புச் சொன்னார்: "கீரையிலதான் ஏதோ கோளாறு."

ஆனாலும் குழந்தை தாங்காது என்ற வார்த்தை உள்ளே முள்ளாகத் தைத்திருந்தது. பச்சைக்கறியை விடவும் மனமில்லை, பேத்தியை விடவும் மனமில்லை. அப்போதுதான் முடிவெட்டுகிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. காலையில் கறியைத் தூக்குப்பாத்திரத்தில் கடைக்கு எடுத்துப் போனார். சீப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நீல விளக்குப் பெட்டிக்குள் கோழியைப் படுக்கவைத்து மூடினார்.

வந்த முதல் வாடிக்கையாளர் பெட்டியைப் பார்த்தார், பளிங்கைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கோழிக்கு என்ன, கட்டிங்கா ஷேவிங்கா?"

"கிருமி நீக்கம்."

"அப்ப எனக்கு நாளைக்கு வெட்டுங்க" என்று அவர் எழுந்தவர் எழுந்தவர்தான். ஊருக்கே சுத்தம் சொல்லிக்கொடுத்த கடையில் கோழி வாடை என்று இரண்டே நாளில் தெருவெல்லாம் பேச்சு. மகள் காதுக்கும் போயிற்று.

"அப்பா, அந்த வெளிச்சம் மேல்தோலுக்குத்தான். மடிப்பு மடிப்பா இருக்கிற கறிக்குள்ள அது எப்படிப் போகும்? இப்ப உங்க சீப்பும் கெட்டுச்சு."

"நீ நேர்ல வந்து பாரு கண்ணு. என் சமையலறையில ஒரு பொட்டு அழுக்கு காட்டு, நான் பச்சைக்கறியை விட்டுடறேன்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன், பாப்பா அங்கயா காப்பகமான்னு."

ஞாயிற்றுக்கிழமைக்காக அந்தச் சமையலறை அடைந்த அவஸ்தையை என்னால் வர்ணிக்க முடியாது. வெள்ளை ஓடு பதித்த சுவரில் முகம் பார்த்துப் பல் துலக்கலாம். மேடையில் வெள்ளைப் பீங்கான்கள் வரிசை கட்டி நின்றன. பளிங்கு சலவையிலிருந்து வந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அத்தோடு நின்றிருக்கலாம். மகள் பார்க்கும்போது நாயின் மயிர் மினுமினுக்க வேண்டுமே! பீட்ரூட் சாறு மயிருக்கு நல்லது என்று அந்தப் போன்கார வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். முதல்நாளே கோழியைப் பீட்ரூட் சாற்றில் ஊறப்போட்டார். காலையில் பார்த்தால் கோழி கல்யாணப் புடவை நிறத்தில் இருந்தது.

மகள், நிஜ மாப்பிள்ளை, குழந்தை மூவரும் வந்தார்கள். குழந்தையின் பால்புட்டியைக் கொதிக்கவைத்து, பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைத்தாள் மகள்.

"இப்பப் பாரு" என்று கோழியை எடுத்தார் பளிங்கு. சாறு அதிகமாயிருப்பதாக அவருக்கே பட்டது. ஒருதரம் அலசிக் காட்டினால் சுத்தத்துக்குச் சுத்தமும் ஆச்சு.

"அப்பா, கழுவாதீங்க, தெறிக்கும்."

"தெறிக்குமா? ஆயுசு பூரா தலை கழுவினவன்கிட்ட சொல்றியா?"

குழாயைத் திறந்தார். தேய்த்தார், புரட்டினார், உதறினார். தட்டில் போட்டு நாய்க்கு வைத்தார். குழாயை மூடினார், குளிர்பெட்டியைத் திறந்து மிச்சத்தை உள்ளே வைத்தார், கையைத் துண்டில் துடைத்தார். அதே கையோடு பேத்தியிடம் வந்து, "என்னடி கண்ணு, தாத்தா எப்படி?" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

பிறகு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? எங்க, ஒரு பொட்டு அழுக்கு காட்டு!"

நிஜ மாப்பிள்ளை மெதுவாகக் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினான். வெள்ளை ஓட்டில் சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்ட மாதிரி. குழாய்ப் பிடியில் சிவப்பு. குளிர்பெட்டிக் கைப்பிடியில் சிவப்பு. துண்டில், வெள்ளைப் பீங்கானில், மேடையிலிருந்த ரொட்டியில், வெள்ளைக் கோட்டில். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. மீசையிலும் பீட்ரூட் ஒட்டியிருந்தது.

மகள் பாத்திரக் கூடையிலிருந்து பால்புட்டியை எடுத்துக் காட்டினாள். ரப்பர் நுனியில் கடுகளவு சிவப்புத் துளி. பிறகு குழந்தையின் முகத்தை அப்பாவின் பக்கம் திருப்பினாள். கன்னத்தில் இரண்டு விரல் அடையாளம், அச்சுக் குத்தினது போல.

"இன்னைக்கு பீட்ரூட் இருந்ததால கண்ணுக்குத் தெரியுது. மத்த நாளும் இதே இடத்துலதான்பா பட்டிருக்கும்."

குழந்தையின் கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். புட்டியைப் பைக்குள் போட்டாள். "நாளைக்கே காப்பகத்துக்குச் சொல்லிடறேன்" என்று படியிறங்கிவிட்டாள். பளிங்கு அந்த இரண்டு விரலையும் பார்த்தபடியே நின்றார். மாமனாருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தயங்கிய நிஜ மாப்பிள்ளையும், வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, ஓடிவிட்டான்.

அன்று மாலை ரொட்டிப் பலகை குப்பைக்குப் போயிற்று. கோழி வேகிற வாசனை மேல்மாடிக்கு வந்தது. கறிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் மூடிபோட்ட டப்பா. சீப்புகளெல்லாம் புதுசு. நாயின் தட்டு பின்வாசலுக்கு வெளியே போனது. தின்று முடித்த உடனே தேய்த்துக் கவிழ்க்கப்பட்டது. வம்சம் மறந்த மாப்பிள்ளை வெந்த கறியை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, காலிப் பானையையும் நக்கப் பார்த்தது.

பளிங்கு தோற்றதாக நினைத்தீர்களா? கடையில் இப்போது, "வேக வச்சுத்தான் போடணும், நானே ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தேன்" என்று பேச்சு. போன்காரர் மறுபடி வந்து உட்கார்ந்தபோது, தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தாராம். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்ட முடியாமல் கண்ணாலேயே ஆமாம் போட்டாராம்.

மகள் அவசரப்படவில்லை. வாராவாரம் அம்மாவிடம் விசாரித்தாள். அந்த அம்மாள் புருஷனுக்காகப் பொய் சொல்கிற ரகம் இல்லை. "நேத்து கறிப் பலகையில ரொட்டி அறுத்துட்டாரு, ஒரு வாரம் கழிச்சுக் கேளு" என்று சொல்லி ஒரு தடவை அவரைக் கண்கலங்க வைத்தார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை குழந்தையோடு வாசலில் கார் வந்து நின்றது.

"மத்தியானம் வரைக்கும்தான்" என்றாள் மகள்.

"சாயங்காலம்?"

"அப்புறம் பார்க்கலாம்."

பளிங்கு உள்ளே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து கைநீட்டினார். மகள் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். தாத்தாவின் மடியில் உட்கார்ந்த குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்து இழுத்து வாய்க்குள் திணித்து, புதிதாக முளைத்த ஒற்றைப் பல்லால் அழுந்தக் கடித்தாள். மனிதர் அசையவில்லை.

"பல்லு பதியுதுங்க, வலிக்கலையா?" என்றார் மனைவி.

"சத்தம் போடாதே" என்றார் பளிங்கு. "பச்சையாவே சாப்பிடறா."