ஒரே படத்தில் வேலியும் படகும்

என் அத்தை தலெந்தா எடுத்த படம் பொய் என்று அரசு மேசை ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தைக்கு நாற்பத்து நான்கு வயது. எங்கள் கெர்கென்னா தீவிலிருந்து ஸ்ஃபாக்ஸ் நகருக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். முதல் கப்பல் கிளம்பும் முன் கேமராவோடு கடலில் இறங்கிவிடுவாள். இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, லென்ஸ் நனையாமல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். பிறகு ஈரக் காற்சட்டையோடு கப்பல் துறையில் ஏறி வருவாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"வீட்டு வாசல்லயே கெடக்குற கடலுக்கு எதுக்குடி இத்தனை படம்?" என்று பக்கத்து வீட்டு ரத்தியா கேட்பாள்.

"தூரத்துல இருக்கறத யார் வேணா எடுக்கலாம் ரத்தியா. காலுக்குக் கீழ என்ன கெடக்குனு ஒருத்தியாவது காட்ட வேணாமா?"

அத்தையின் எந்தப் படத்திலும் முன்னால் ஒன்று பெரிதாக நிற்கும். உடைந்த பானை, அறுந்த கயிறு, ஒதுங்கிய பிளாஸ்டிக் புட்டி. அதைத் தாண்டித்தான் கடலும் வானமும். முன்னால் இருப்பது லென்ஸிலிருந்து ஒரு சாண் கிட்டத்தில் இருந்தால் லென்ஸுக்குத் தொலைவு மங்கிவிடும். தொலைவைக் கூர்மையாக்கினால் கிட்டத்தில் இருப்பது மங்கும். அதனால் கேமராவை அசைக்காமல் இரண்டு மூன்று படம் எடுத்து, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையாக இருக்கும் பகுதியைச் சேர்த்து ஒரே படமாக்குவாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுவாள், இறக்குவாள். இல்லாததைச் சேர்க்க மாட்டாள், இருப்பதை அழிக்க மாட்டாள். அந்த பிளாஸ்டிக் புட்டியைக்கூட.

எங்கள் ஊரில் நிலத்தைப் போலவே கடலுக்கும் பங்கு உண்டு. என் அப்பா லமீன் தன் பங்கில் பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு வேலி போட்டிருக்கிறார். ஷர்ஃபியா என்போம். மடவை மீன் அந்த வேலியை ஒட்டியே நீந்திப்போய்க் கடைசியில் இருக்கும் கூட்டுக்குள் விழும். வேலியில் ஓட்டை இருந்தால் கூட்டில் மீன் இல்லை.

நவம்பரில் ஒரு விடியற்காலை, இழுவைமடிப் படகு ஒன்று மடி இழுக்கத் தடை உள்ள ஆழம் குறைந்த பகுதிக்குள் வந்து, மடியின் சங்கிலியால் எங்கள் வேலியைப் பதினைந்து அடிக்குப் பிய்த்துவிட்டுத் திரும்பியது. அத்தை அங்கேதான் தண்ணீரில் இருந்தாள். முறிந்த மட்டைகளை முன்னால் வைத்து எடுத்தாள். பின்னால் படகு, அதன் நெற்றியில் எண்.

அன்றே அப்பா மீன்வள அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணை வரை வேலியைத் தொடக் கூடாது என்றார்கள். மூன்று வாரம் தொடவில்லை. மூன்று வாரம் கூடு காலி. இதற்கிடையில் தீவின் விழாக் குழு அந்தப் படத்தைக் கேட்டது. நாலு பேர் பார்க்கட்டும் என்று அத்தை கொடுத்தாள்.

விசாரணைக்கு அப்பா, அத்தை, நான் மூவரும் போனோம். தாஹர் என்ற அதிகாரி அத்தையின் படத்தைப் பார்த்தார். பிறகு பேனாவால் தன் முதுகுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். விழா விளம்பரம். அதே படம். கீழே அத்தையின் பெயர். படகைக் காணோம். வேலி முழுதாக நின்றது.

"இதுவும் நீங்க எடுத்ததுதானம்மா? இதுல வேலிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அத்தையின் கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்து சுவருக்குப் போனாள்.

"தண்ணியப் பாருங்க சார். மேல மட்டை நிக்குது. கீழ அதோட நிழல் எங்க? ஓட்டைய மூடினவன் நிழல மறந்துட்டான். இந்த வளைஞ்ச மட்டை இங்க இருக்கு, இங்க இருக்கு, இங்கயும் இருக்கு. ஒரே முறிவு, ஒரே நார். மூணும் ஒரே வயித்துல பொறந்ததா?"

ஓரத்தில் இருந்த குமாஸ்தா சிரித்துவிட்டார். தாஹர் சிரிக்கவில்லை.

"சரி, இது திருத்தினது. உங்க படம் திருத்தாததா?"

அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்பா மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். எனக்கே தெரிந்தது.

"மூணு படத்தச் சேத்தது சார்," என்றாள் அத்தை. மூன்றையும் திறந்து காட்டினாள். ஒன்றில் முறிந்த மட்டை நார் நாராகத் தெரிந்தது, படகு வெறும் கறை. ஒன்றில் படகின் எண் தெளிவு, மட்டைகள் புகை. நடுவில் உள்ளதில் தண்ணீர் மட்டும் தெளிவு.

"அப்ப வேலியும் நம்பரும் சேந்து தெரியற படம் ஒண்ணுமே இல்ல. ஒட்டுப் போட்டது பொய்யாவும் இருக்கலாம்."

"கட்டைவெரலக் கண்ணுகிட்ட வெச்சு ஜன்னலப் பாருங்க சார். வெரல் மங்குதில்ல? அப்ப வெரல் இல்லாமப் போயிடுச்சா?"

குமாஸ்தா உடனே வைத்துப் பார்த்தார். தாஹரும் பாதிவரை கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

"வெரல் என் கையில இருக்கும்மா. வேலி கடல்ல இருக்கு."

"அப்ப கடலுக்கு வாங்க."

"எங்க ஆபீஸ் படகு ரிப்பேர். ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் வேலியத் தொடாதீங்க. இல்லேன்னா ஒட்டாத படம் ஒண்ணு கொண்டாங்க, ரெண்டும் சேந்து தெரியற மாதிரி."

"மீன்கிட்டயும் ஒரு மாசம் கழிச்சு வான்னு சொல்லிடவா சார்?" என்றார் அப்பா.

வெளியே வந்ததும் அப்பா வெடித்தார். "ஒரே படம்னு சொல்லிருந்தா என்னடி கொறஞ்சிருக்கும்?"

"விழாக்காரன் செஞ்சதயே நானும் செய்யச் சொல்றியா அண்ணா?"

"உன் நேர்மைய வறுத்தா சாப்பிடப் போறோம்? வெள்ளிக்கிழமை மட்டைய நடப்போறேன். அதுக்கு மேல ஒரு நாளும் என்னால முடியாது."

நட்டுவிட்டால் சாட்சி போய்விடும். வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது. அந்தப் படகுக்காரனுக்குப் பயமே கிடையாது, வாரம் இரண்டு முறையாவது அந்தப் பக்கம் வருவான். அத்தை தினமும் விடியும் முன் போனாள். அவளுக்குப் பெருமையே அந்த ஒரு சாண் நெருக்கம்தான். இப்போது நான்கு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் கிட்டமும் தொலைவும் சேர்ந்து தெரியும், ஆனால் இருட்டிவிடும். அதை ஈடுகட்டக் கேமராவின் உணர்திறனை ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியது போலாகும். தெரிந்தே ஏற்றினாள். ஞாயிறு, திங்கள் அவன் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன் மழை. கவுண்டரில் இருமிக்கொண்டே டிக்கெட் கொடுத்தாள்.

வியாழன் அவன் வந்தான். அதே எண். எங்கள் வேலியின் ஓட்டை வழியாகவே நுழைந்து மடி இழுத்தான், அங்கே யாருமே இல்லாதது போல. அத்தை ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

அன்றே நினைவட்டையைக் கேமராவோடு தாஹரின் மேசையில் வைத்தாள். தாஹர் பெரிதாக்கிப் பார்த்தார். பிய்ந்த வேலி தெரிந்தது, எண் தெரிந்தது. சாம்பல் வானம், சொரசொரப்பு, எந்த அழகும் இல்லை.

"நல்லா வந்திருக்கும்மா."

"கேவலமா இருக்கு சார். என் வாழ்க்கையிலயே இவ்ளோ மோசமான படம் எடுத்ததில்ல. நீங்க நம்பணும்னு எடுத்தேன். புகார்ல முத்திரையப் போடுங்க."

போட்டார். படகுக்காரனுக்கு அழைப்பாணை போனது. பின்னால் அவனுடைய உரிமத்தை இரண்டு மாதம் நிறுத்தினார்கள். எங்களுக்குப் போனது அந்தப் பருவத்து மீனில் பாதி, அதற்கு ஈடு கேட்க இடமில்லை. சொன்னபடியே வெள்ளிக்கிழமை காலை அப்பா மட்டைகளைப் படகில் ஏற்றினார். அத்தை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, அப்பாவோடு தண்ணீரில் இறங்கி மட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தினாள். நடுப்பகலுக்குள் அந்தப் பதினைந்து அடியும் அடைபட்டது.