மாமன் மடிக்குக் காத்திருந்த முடி

தூத்துக்குடி பீச் ரோட்டில் தோணிக்காரர்களுக்குக் கயிறு விற்றுக்கொண்டிருந்த காசிலிங்கத்துக்கு, மகள் வரப்போகும் செய்தி ஒரு கார்டில் வந்தது. சித்திரைக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பதினைந்து நாள் இருப்பேன் என்று நாலே வரி. எங்கள் தெருவில் அந்தக் கார்டைப் படிக்காதவர் யாரும் இல்லை. படிக்கத் தெரியாதவர்களிடம்கூட நீட்டினார்.

அது 1946. அவருடைய மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் அவர் ஒருவர்தான். காலையில் ரேஷன் அரிசியில் ஒரு சிறு பானை வடிப்பார். மதியம் அதைத் தின்பார். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் குடிப்பார். பேச்சுத் துணை என்றால் கடைக்கு வருகிறவர்கள்தான். இரண்டு முழம் கயிறு கேட்டு வந்தவரைக்கூட அரை மணி நேரம் உட்கார வைத்துவிடுவார். அதற்குப் பயந்து வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.

மகள் செல்லக்கனியைப் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். பேத்தி முத்துக்கனியை அவர் கடைசியாகப் பார்த்தது அவள் ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது. அந்த நினைப்பில், கார்டு வந்த மறுநாளே உத்தரத்தில் தொட்டில் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டு ஞானதீபம் வந்து பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, புள்ளைக்கு மூணு வயசு முடிஞ்சிட்டு. காலு ரெண்டும் தொட்டிலுக்கு வெளியதான் தொங்கும்."

"மூணு முடிஞ்சிட்டா?"

"நீங்கதானே போன வாரம் எங்கிட்ட சொன்னீய!"

தொட்டிலை அவிழ்த்துவிட்டு அதே உத்தரத்தில் ஊஞ்சல் போட்டார். கடையில் இருந்ததிலேயே நல்ல முறுக்குள்ள புதுத் தேங்காய்நார்க் கயிறு. பலகையின் முனைகள் கையைக் கிழிக்காதபடி இழைத்தார்.

அவருக்கு ஒரு மகனும் உண்டு. ராஜதுரை. முப்பத்தெட்டில் ரங்கூனுக்குத் துணிக்கடை வேலைக்குப் போனான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, எல்லாரோடும் சேர்ந்து நடந்தே வந்துவிடுகிறேன் என்று எழுதினான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவனோடு புறப்பட்ட ஒருவன் ஊர் வந்து சேர்ந்து, எல்லை மலைக்கு இந்தப் பக்கம் ஒரு முகாமில் கூட்டத்துக்குள் பிரிந்துவிட்டோம் என்றான். ராஜதுரை செத்ததைப் பார்த்தவர் இல்லை. அவன் இருப்பதைப் பார்த்தவரும் இல்லை. சண்டை முடிந்தபின், கொழும்பிலிருந்து திரும்புகிற ஒவ்வொரு தோணிக்காரனிடமும் காசிலிங்கம் கேட்பார், ரங்கூன் ஆள் யாராவது அங்கே வந்து இறங்கினானா என்று.

"ஏன் அண்ணாச்சி, நான் கயித்துக்கு வெலை கேட்டா நீங்க மவனுக்கு விலாசம் கேக்கியளே" என்பார் கிருபாநிதி. அவர் ஒரு தோணிக்குத் தண்டல், அதாவது அதை நடத்துகிறவர். வாய்தான் அப்படி. கொழும்புத் துறைமுகத்தில் விசாரிக்காமல் அவர் திரும்பியதே இல்லை.

இந்தக் காத்திருப்போடு பேத்தியின் தலைமுடியையும் காசிலிங்கம் சேர்த்துக் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் வைத்து இறக்குவதுதான் வழக்கம். முத்துக்கனிக்கு ஒரு வயது ஆகப்போகும்போது சம்பந்தி வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜதுரை வந்து மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும், திருச்செந்தூர் முருகனுக்கு அப்படியே நேர்ந்திருக்கிறேன், அதுவரை பிள்ளை தலையில் கத்தி படக்கூடாது என்று. பிள்ளை அவர்களுடையது, நேர்ந்தது இவர். மகனைத் தேடித் தவிக்கிற மனுஷன் என்று சம்பந்திகள் மறுபேச்சுப் பேசவில்லை. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தது, இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

மதுரை ரயிலிலிருந்து செல்லக்கனி இறங்கியபோது அவள் தோளில் முதலில் தெரிந்தது முடிதான். முதுகு வரை தொங்கி, சிக்குப் பிடித்து, பாதி சடையாகிவிட்ட முடி. அதற்குள்ளே எங்கேயோ ஒரு சின்ன முகம்.

"தாத்தாட்ட போளா."

"மாட்டேன்."

"ஏன்?"

"தாத்தா மேல கயிறு நாத்தம்."

காசிலிங்கம் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அன்றைக்கு இரண்டு தடவை குளித்தார்.

போடி மலையடிவாரம். அந்தக் காற்றில் வளர்ந்த பிள்ளைக்குத் தூத்துக்குடியின் உப்புப் புழுக்கம் மூன்றே நாளில் கழுத்து முழுக்க வேர்க்குருவாகப் பொரிந்தது. முடிக்கு உள்ளேயும் ஏதோ கட்டி கட்டியாக இருந்தது. சீப்பு போனால் வீரிடுவாள். "இந்த ஊரு சுடுது, நம்ம ஊருக்குப் போவோம்" என்பதையே தினமும் பாடினாள்.

நாலாம் நாள் மத்தியானம், தகப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள் செல்லக்கனி.

"ஐயா, நான் சும்மா வரல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அத்தை சொல்லித்தான் அனுப்புனாவ. இந்தத் தடவையும் முடி எறக்காம வந்தியன்னா, அங்கன யாரு மடியிலயாச்சும் வச்சு நாங்களே எறக்கிருவோம், பொறவு உனக்குத் தூத்துக்குடியில என்ன சோலின்னு கேக்காவ."

"அவன் வருவாம்ளா."

"வரட்டும். வந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்? நயினார் அண்ணனுக்குக் காயிதம் போட்டுட்டேன். அவிய மடி கொடுக்கேன்னுட்டாவ."

ஆறுமுகநயினார் காசிலிங்கத்தின் அண்ணன் மகன். ஆறுமுகநேரி உப்பளத்தில் மேஸ்திரி. முறைப்படி பார்த்தால் அவனும் பிள்ளைக்கு மாமன்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா போட்ட?"

"நீங்க கேட்டுட்டா நேந்தீய?"

காசிலிங்கம் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னொருத்தன் மடியில வச்சிட்டா, ராஜதுரை இல்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்."

"எனக்கும் அவன் அண்ணந்தான், ஐயா."

அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஆள் சத்தம் வேண்டும் என்று ஏங்கியவர், இப்போது சத்தம் இருக்கிற வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே தாயும் பிள்ளையும் எதற்கோ சிரிப்பார்கள். இவர் சொம்பு எடுக்க நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். சொம்பை எடுத்துக்கொண்டு, வந்த காரியம் அவ்வளவுதான் என்பதுபோலத் திரும்புவார். பதினைந்து நாளில் எட்டு நாள் போய்விட்டது. அதை அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்பதாம் நாள் ஆறுமுகநயினார் கடைக்கு வந்தான். கணுக்கால் வரை உப்பு வெள்ளை.

"சித்தப்பா, என் மடியில ஒண்ணும் முள்ளு கெடக்கல. வேணும்னா தடவிப் பாருங்க."

"உன்மேல எனக்கு வருத்தம் இல்லலே."

"எனக்கும் மாமன் பட்டம் கட்டிக்கிட ஆசை இல்ல. உப்பு வாருத நேரம், அளத்துல ஆளு பத்தாம கெடக்கு. நீங்க வேண்டாம்னா நான் வரல. தங்கச்சிட்ட நானே சொல்லிருதேன். ஆனா, சித்தப்பா, அந்தப் புள்ள கழுத்தை ஒருவாட்டி வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

காசிலிங்கம் ஒரு கயிற்றுச் சுருளைப் பிரித்து, பிரிக்கத் தேவையில்லாமலே, மறுபடி சுருட்டினார்.

மறுநாள் காலையில் செல்லக்கனி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முத்துக்கனி ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று தாத்தாவைப் பார்த்தாள்.

"ஆட்டுதியா?"

வந்து இத்தனை நாளில் அவரிடம் அவளாகக் கேட்ட முதல் காரியம் அது. காசிலிங்கம் கடைப் பலகையைக்கூடத் திறக்காமல் ஓடி வந்தார். அவளைத் தூக்கி உட்கார வைத்து மெல்ல ஆட்டினார். "இன்னும்" என்றாள். ஆட்டினார். "இன்னும்" என்றாள். சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் சாய்த்துப் பக்கத்துக் கயிற்றின்மேல் வைத்தாள். அவளுடைய சிரிப்பைத் தவிர வேறெதையும் அவர் கவனிக்கவில்லை. புது நார்க்கயிறு முடியைப் பற்றிக்கொண்டது. அவள் நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கை அதற்குள் இன்னொரு தடவை தள்ளிவிட்டிருந்தது.

அலறல் தெரு முனை வரை கேட்டது.

ஊஞ்சலை நிறுத்திப் பிடித்தார். பிடரிக்கு மேலே ஒரு கொத்து முடி கயிற்று முறுக்குக்குள் இறுகிக் கிடந்தது. பிரிக்கப் பிரிக்க இழுத்தது. உள்ளே ஒரு கட்டி உடைந்து முடி நனைந்தது. இடுப்பில் கயிறு அறுக்கிற கத்தி எப்போதும் இருக்கும். அதை உருவினார். முடி கத்திக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, முடிக்கு மேலே ஒரு சாணும் கீழே ஒரு சாணும் பார்த்து, பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி கயிற்றை அறுக்க ஆரம்பித்தார். தோணியைக் கட்டுகிற கயிறு. லேசில் அறுபடுமா? இந்தப் பக்கம் அறுத்து, அந்தப் பக்கம் அறுக்கிற வரைக்கும் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தாள்.

ஈரக் கையோடு ஓடி வந்த செல்லக்கனி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தலையில் அந்தக் கயிற்றுத் துண்டு அப்படியே தொங்கியது. அதைப் பார்த்தாள். பிறகு தகப்பன் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள்.

"முடியை அறுத்திருந்தா ஒரு நொடி, ஐயா."

அவள் சத்தம்கூடப் போடவில்லை.

தெருக்கோடியில் இருந்த கம்பவுண்டர் சத்தியராஜ் முடியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டு, "கட்டியெல்லாம் உள்ள இருக்கு. மருந்தை எங்க போட? முடிக்கு மேலயா? எந்தப் புண்ணியவான் இதை எடுக்கக்கூடாதுன்னு சொன்னது?" என்றார்.

"நாந்தான்" என்றார் காசிலிங்கம்.

கம்பவுண்டர் கயிற்றுத் துண்டை எடுப்பதற்காக ஒரு நார் விடாமல் பிரித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் காசிலிங்கம் வாசலில் நின்றார். வெளியே வந்த மகளிடம், "நயினாருக்குச் சொல்லி அனுப்பு. நாளைக்குப் போவோம்" என்றார்.

மறுநாள் காலையில் கரியில் ஓடுகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. ஆறுமுகநேரியில் நயினார் வெள்ளை வேட்டியோடு ஏறிக்கொண்டான். திருச்செந்தூரில் கடற்கரை ஓரமாக முடி இறக்குகிற கொட்டகையில் கூட்டம். சுடலைமாடன் என்ற வயதான நாவிதர் கத்தியைத் தீட்டியபடியே கேட்டார்.

"மாமன் யாரு? சட்டுனு உக்காருங்க. வெயில் ஏறுது."

ஒருவரும் அசையவில்லை. நயினார் சித்தப்பாவைப் பார்த்தான்.

"என்ன, மாமனைக் கூட்டியாராம வந்துட்டியளா?"

"இருக்கான்" என்றார் காசிலிங்கம். நயினாரின் தோளில் கை வைத்தார். "உக்காருலே."

நயினார் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். "எம்மா, எத்தா தண்டி முடி! ஆட்டுக்குட்டிகூட இவ்வளவு சொமக்காது" என்று சொல்லிக்கொண்டே நாவிதர் தண்ணீரைத் தெளித்தார். முதல் கீற்று இறங்கியது. பிள்ளை திமிறினாள். "மாமனைக் கடி, மாமனைக் கடிச்சுக்கோ" என்று நயினார் தன் கையை நீட்டினான். அவள் நிஜமாகவே கடித்தாள். கட்டிகளுக்கு அடிபடாமல் நாவிதர் சுற்றிச் சுற்றிப் போனார். கடைசியில் வெள்ளையும் சிவப்புமாக, ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. செல்லக்கனி அதன்மேல் சந்தனத்தை அப்பினாள். காற்றுப் பட்டதும் பிள்ளையின் அழுகை தானாக நின்றது.

நயினார் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தான்.

"சித்தப்பா, நான் தம்பிக்குப் பதிலா இருந்தேன், அவ்வளவுதான். காது குத்து இருக்குல்லா. அது அவன் மடியிலதான். அதை அவனுக்குன்னு வச்சிருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். செல்லக்கனியும் தலையசைத்தாள்.

காசிலிங்கம் இடுப்பு மடியை அவிழ்த்தார். மடித்த காகிதம் ஒன்று வந்தது. அதற்குள் இரண்டு சின்னத் தங்க வளையங்கள்.

"இது எங்க இருந்து?" என்றாள் செல்லக்கனி.

"உங்க அம்மை மூக்குத்தியை அழிச்சுச் செஞ்சது. அவன் வந்தா அவன் கையில குடுக்கணும்னு போன வருசம் செஞ்சு வச்சேன்." வளையங்களை நயினாரின் உள்ளங்கையில் வைத்தார். "காதும் இன்னைக்கே குத்திருங்க."

"ஐயா, ஒரே நாள்ல ரெண்டையுமா? அதுக்கென்ன அவசரம்?"

"அவசரம் இல்லளா. இன்னொன்னை வச்சிருந்தா, அதையும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். புள்ளையை எத்தனை வருசம் மூளிக்காதோட நிறுத்தச் சொல்லுத?"

கொட்டகைக்குப் பக்கத்திலேயே காது குத்துகிற ஆசாரி இருந்தார். மறுபடி நயினாரின் மடி. ஒரு காது குத்தும்வரை பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லை. இரண்டாவது காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் அவள் தாயைத் தேடவில்லை. யார் மடியில் இருந்தாளோ அவன் கழுத்தையே கட்டிக்கொண்டு விம்மினாள்.

"மாமா, போவோம். மாமா, வீட்டுக்குப் போவோம்."

காசிலிங்கம் அதைக் கேட்டார். அந்த வார்த்தையை அவள் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டுச் சுடுமணலில் தனியாக நடந்தார்.

தண்ணீர் நிறைந்த சொம்பு செல்லக்கனியின் கையில் இருந்தது. அவள் அவரைக் கூப்பிடவில்லை.