என் மனைவி முடிக்காத வாக்கியங்கள்

நான் எழுதிய கவிதைகளில் சொற்களைவிட வெற்றிடம்தான் அதிகம். பக்கத்தின் உச்சியில் ஒரு சொல், அடியில் ஒரு சொல், நடுவே வெள்ளை. அப்படியே ஒரு தொகுப்பும் வந்தது. காசிமேட்டில் மீன் விற்றுவந்த என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னாய்யா, நாலு வார்த்த கீது, மீதி சும்மா கீது?”

“அந்த எடத்த படிக்கிறவங்கதான் நெரப்பணும்.”

“அப்ப நீ இன்னாத்துக்கு?” என்று சிரித்தாள். ஏலக் கூச்சலுக்கு நடுவிலும் தனித்துக் கேட்கும் குரல் அவளுக்கு.

போன ஆடியில் மீன்கூடை முன்னால் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டாள். பக்கவாதம். வலக்கையும் பேச்சும் போயின. நாம் சொல்வது அவளுக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம், “பாதி வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துங்க சார். மீதிய அவங்க சொல்லட்டும். அவசரப்பட்டு நீங்க முடிச்சிடாதீங்க” என்றாள்.

திருவொற்றியூர் வீட்டில் தினமும் அவள் எதிரே உட்கார்ந்தேன். “கொழம்புல உப்பு...” என்று நிறுத்துவேன். அவள் உதடு நடுங்கும். “த... த...” என்பாள். எந்தச் சொல்லுக்கும் அவளுக்கு அந்த எழுத்துதான் வரும். கழுத்து நரம்பு புடைக்கும். வெளியே கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டேயிருக்கும். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியாது. “கம்மியா கீது, அதான?” என்று நானே முடித்துவிடுவேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் சிற்றிதழ் நடத்தும் நண்பர் வீட்டுக்கு வந்தார். நவீன கவிதையில் மௌனம் பற்றிச் சிறப்பிதழ் கொண்டுவருகிறாராம், என் கட்டுரை வேண்டுமாம். “வார்த்தை தோத்துப்போற எடத்துலதான் கவிதை ஆரம்பிக்குது, இல்லீங்களா?” என்றார். நானே மேடைகளில் சொல்லிவந்ததுதான். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியாது என்றேன். கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அவர் போனதும் அவளிடம் பேச ஆரம்பித்தேன். மீன் விலை, மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் நாற்றம், எதிர்வீட்டுச் சண்டை என்று மூச்சுவிடாமல் பேசினேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் இடக்கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். பொத்தியபடியே முயன்றாள். “த...” கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மறுபடியும் “த...” தண்ணியா என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை. வெகுநேரம் அந்தக் கை இறங்கவில்லை. சொல்லும் வரவில்லை.